நடைக்கும் மாத்திரை உண்டு

மலர்க்குழுவினர் இவ்வாண்டு மலருக்கு 'நடை' என்னும் பொருளில் கட்டுரை ஒன்று வேண்டுமென்று எம்மைக் கேட்டபொழுது, அவர்கள் உள்ளத்தில் இருந்தது உரைநடையே என்பதை யாம் நன்கு அறிவோம். முப்பதாண்டுகள் இக்கல்லூரியில் நடையியல் தாளைக் கற்பித்து ஓய்வு பெற்றவரிடம் அவர்கள் அதனை எதிர்பார்த்ததில் பிழையில்லை. ஆயினும், ஓய்வு பெறுவதற்கு நான்காண்டுகள் முன்னர் எம் இடப்புற இடுப்பு மூட்டு அகற்றப்பெற்று, உலோகமும் நெகிழியும் சேர்ந்த வேறொரு மூட்டு அவ்விடத்தில் பொருத்தப்பெற்றது. அன்று தொட்டு 'நடை' என்னும் சொல் காதில் விழுந்தால் எமக்கு நினைவுக்கு வருவது உரைநடையன்று. ஒரு நாற்காலியும், அதிலிருந்து மூன்று மீட்டர் தள்ளித் தரையில் ஒட்டப்பெற்றிருந்த சிவப்பு நாடாவும், ஓர் இளம் பெண்ணின் கையிலிருந்த நிறுத்து கடிகாரமுமே நினைவுக்கு வருகின்றன. குழுவினர் பொறுத்தருள்வார்களாக. இக்கட்டுரை கால்நடையைப் பற்றியது.

2014-ஆம் ஆண்டளவில் எம் இடக்காலில் வலி தோன்றியது. முழங்காலில் நோவு என்றே யாம் எண்ணினோம். இடுப்பு மூட்டின் வலி முழங்காலில் உணரப்படுவதுண்டு என்பது பின்னரே தெரிந்தது. அதுவரை முழங்காலுக்குத் தடவிய தைலங்களின் பெயரை எழுதினால் இம்மலரில் ஒரு பக்கம் போதாது. நாளடைவில் தொடையிடுக்கில் வலி நிலைகொண்டது. தாங்கித் தாங்கி நடக்கலானோம். துறைத்தலைவராக இருந்த அன்பர் எம் வகுப்புகளை ஓசையின்றிக் கீழ்த்தளத்திற்கு மாற்றிக் கொடுத்தார். எமக்கு அதில் நன்றியும் இருந்தது, நாணமும் இருந்தது. இறுதியில் எடுத்த ஊடுகதிர்ப் படத்தில் எலும்பும் எலும்பும் உரசி நிற்பதைக் கண்டு, 2018 ஏப்ரலில், கோடை விடுமுறையைக் கணக்கிட்டு, அறுவைக்கு உடன்பட்டோம்.

இவ்வறுவையின் வரலாறு நெடியது. இன்றைய வடிவத்திற்கு வழிகாட்டியவர் ஜான் சார்ன்லி என்னும் ஆங்கிலேய மருத்துவர். இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில், முதலில் டெஃப்லான் கிண்ணத்தைப் பயன்படுத்தி, அது தேய்ந்துபோய்த் தோல்வியுற்றதைக் கண்டு மனம் தளராமல், 1962-இல் அடர்த்தி மிக்க பாலிஎத்திலீனால் ஆன கிண்ணத்தைக் கையாண்டு வென்றவர். அவரைப் பற்றி எம்மைக் கவர்ந்த செய்தி வேறொன்று. நோயாளியின் வலி, மூட்டசைவு, நடை ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் இடும் முறையைப் பிரெஞ்சு மருத்துவர்களான மெர்ல் தோபிஞேயும் போஸ்டெலும் 1954-இல் வகுத்திருந்தனர். அதனைச் சார்ன்லி 1972-இல் திருத்தியபொழுது, மதிப்பெண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்தார். ஓர் இடுப்பில் மட்டுமே நோயுடையோர் ஏ. இரண்டிலும் உடையோர் பி. இடுப்பன்றி வேறு காரணத்தாலும் நடை குன்றியோர் சி. எமக்கு ஈளை நோய் உண்டாகையால் எம் அட்டையில் சி என்று எழுதினர். முதலில் அது எமக்கு உவப்பாக இல்லை. மாணவர் விடைத்தாளில் மூன்றாம் தரம் இட்டுப் பழகிய கை அல்லவா! பின்னர்தான் அது தரமன்று, நீதி என்று விளங்கிற்று. மூச்சு வாங்கி நின்றவனின் குறையை மூட்டின் கணக்கில் எழுதலாகாது என்பதே அவ்வெழுத்தின் கருத்து.

அறுவை முடிந்து ஆறாம் வாரம் இயன்முறை மருத்துவப் பிரிவுக்குச் சென்றோம். அங்கிருந்தவர் எம் மகள் வயதினர். முதலில் ஒரு வினாத்தாள் தந்தார். ஆக்ஸ்ஃபோர்டு இடுப்பு மதிப்பீடு என்று அதற்குப் பெயர், 1996-இல் வெளிவந்தது, வினாக்கள் 12. எவ்வளவு நேரம் நடந்தால் வலி மிகுகிறது, மாடிப்படி ஏற முடிகிறதா, கடைக்குத் தனியே சென்று வர முடிகிறதா என்றவாறு அவை அமைந்திருந்தன. யாம் விரைந்து எழுதி முடித்தோம். ஏறத்தாழ எல்லா வினாக்களுக்கும் 'இடர் இல்லை' என்பதே எம் விடை. அவர் தாளைப் பார்த்துவிட்டு, "எப்படி இருக்கிறீர்கள், சார்?" என்று கேட்டார். "அல்ஹம்துலில்லாஹ், நன்றாக இருக்கிறோம் அம்மா" என்றோம்.

இவ்விடத்தில் நம் சமுதாயப் பெரியோர்க்கு ஒன்று சொல்லியாக வேண்டும். நலம் கேட்டால் இறைவனைப் புகழ்வது நம் வழக்கம், அது நல்வழக்கமுங்கூட. ஆனால் அது இறைவனுக்கு நாம் செலுத்தும் நன்றியேயன்றி மருத்துவருக்கு நாம் தரும் விடையன்று. நெஞ்சு அடைத்துக்கொண்டிருக்கும் நிலையிலும் 'அல்ஹம்துலில்லாஹ்' என்று கூறி மருத்துவரை மேற்கொண்டு கேட்கவிடாமல் செய்த பெரியவர்களை எம் குடும்பத்திலேயே அறிவோம். எம் வினாத்தாளும் அவ்வகையைச் சார்ந்ததே. பொய் எழுத வேண்டும் என்று யாம் எண்ணவில்லை. அறுவைக்கு முன் இருந்த வலி போயிற்று; வலி போனதை நடை வந்துவிட்டதாக மனம் எழுதிக்கொண்டது. எமக்கு மட்டும் நேர்ந்த மயக்கமன்று இது. மூட்டு மாற்று அறுவைக்குப் பின் நோயாளிகள் தம் வாயால் சொல்லும் முன்னேற்றம் முந்தி வருகிறது, கடிகாரம் காட்டும் முன்னேற்றம் பிந்தி வருகிறது என்பதை ஆய்வாளர்கள் பன்முறை கண்டு எழுதியிருக்கின்றனர்.

அவர் மறுமொழி கூறாமல் நாற்காலியைக் காட்டினார். கைப்பிடியுள்ள சாதாரண நாற்காலி. இருக்கையின் உயரம் 46 செ.மீ. 'தொடங்குங்கள்' என்றதும் எழுந்து, இயல்பான வேகத்தில் சிவப்பு நாடா வரை நடந்து, திரும்பி வந்து அமர வேண்டும். வழக்கமாக ஊன்றும் தடியை ஊன்றலாம். ஒருமுறை பழகிப் பார்த்த பின் மறுமுறை நேரம் குறிக்கப்படும். இச்சோதனையை 1991-இல் பொட்சியாட்லோ, ரிச்சர்ட்சன் என்னும் இருவர் வெளியிட்டனர். அதற்கு ஐந்தாண்டுகள் முன்னர் வேறு மூவர் வகுத்த முறையில் பார்ப்பவரின் கணிப்புக்கேற்ப மதிப்பெண் இடப்பெற்றது. இவர்கள் கணிப்பை நீக்கிக் கடிகாரத்தை வைத்தனர். உடலில் குறையில்லாத முதியோர் பத்து நொடியளவில் முடித்துவிடுவர். முப்பது நொடிக்கு மேற்பட்டால் பிறர் துணையின்றி வெளியே செல்ல இயலாதவர் என்று கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. எமக்கு 18 நொடி ஆயிற்று. பின்னர்ப் பத்து மீட்டர் தொலைவை 17 நொடியில் நடந்தோம். அதாவது நொடிக்கு 0.6 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. பல நாடுகளில் சாலை கடப்போர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பர் என்று கொண்டே சமிக்ஞை விளக்குகளை அமைத்துவந்தனர். அக்கணக்கின்படி பச்சை விளக்கு அணையும்பொழுது யாம் நடுச்சாலையில் நின்றிருப்போம்.

நொடி என்பது விரலை நொடிக்கும் நேரம். எழுத்தின் ஒலியளவைக் கண்ணிமைப்பாலும் கைந்நொடியாலும் அளந்து அதற்கு மாத்திரை என்று பெயரிட்டது நம் இலக்கணம். அடி, சீர், தளை என்று எத்தனை ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருப்போம்! எம் அடியை ஒருவர் அளப்பார் என்றும், அது குறைந்தொலிக்கும் என்றும் யாம் எண்ணியதில்லை. அளவைத் தாழ்வாகக் காட்டிய கடிகாரத்தின் மீது சினம் வந்தது என்பதே உண்மை. 'மருந்தகத்தின் தரை வழுக்கலானது. அதனால்தான்' என்று துணைவியாரிடம் கூறினோம்.

அத்துடன் நிற்கவில்லை. அமெரிக்க மருத்துவர் ஹாரிஸ் 1969-இல் வகுத்த நூறு மதிப்பெண் அட்டையும் எம் கோப்பில் இருந்தது. அதனை வாங்கிப் படித்துக் குறை காணத் தொடங்கினோம். விடைத்தாள் திருத்துவோரின் நோய் அது. வலிக்கு 44 மதிப்பெண். நொண்டாமைக்கு 11, ஊன்றுகோல் வேண்டாமைக்கு 11, நடக்கும் தொலைவுக்கு 11. தொலைவை மீட்டரிலோ கல்லிலோ சொல்லாமல், அமெரிக்க நகரங்களின் தெருக்கட்டங்களில் சொல்லியிருந்தனர். ஆறு கட்டம் நடந்தால் 8, இரண்டு மூன்று கட்டம் நடந்தால் 5. எம் ஊர்த் தெருக்களில் எது ஒரு கட்டம் என்று யாரால் சொல்ல முடியும்? காலுறையும் காலணியும் எளிதில் அணிந்தால் 4. யாம் காலுறை அணிந்தது மாணவப் பருவத்தில் தேசிய மாணவர் படையில் இருந்தபொழுது மட்டுமே. நாற்காலியில் ஒரு மணி நேரம் அமர்ந்தால் 5. தரையில் அமர்வதற்கு ஒன்றுமில்லை. பாயில் சம்மணமிட்டு உண்பதற்கும், ஸுஜூதில் நெற்றி வைத்து எழுவதற்கும் அந்த நூற்றில் ஒரு மதிப்பெண்கூட இல்லை. இது நியாயமான குறை என்றே இன்றும் கருதுகிறோம். ஆனால் அன்று யாம் இக்குறையைத் தேடிக் கண்டது நியாயத்திற்காக அன்று. 18 நொடியை மறப்பதற்காக.

ஜூன் நடுவில் கல்லூரி திறந்தது. தடியூன்றி வகுப்பறைக்குள் நுழைய எமக்கு மனமில்லை. 'இன்னும் ஆறு வாரம் வலக்கையில் தடி இருக்கட்டும்' என்று கூறியிருந்தனர். இடப்புற மூட்டுக்கு எதற்கு வலக்கையில் தடி என்று மாணவர் சிலர் கேட்டதுண்டு. ஒரு காலில் நிற்கும்பொழுது இடுப்பெலும்பு மறுபுறம் சரியாமல் பிடித்து நிற்பது பிட்டத்தின் பக்கத் தசை. அத்தசை இழுக்கும் இழுப்பு மூட்டின் மேல் பெருஞ்சுமையாக இறங்குகிறது. செயற்கை மூட்டுக்குள்ளேயே அளவி வைத்துப் பெர்லினில் பெர்க்மன் குழுவினர் அளந்து 2001-இல் வெளியிட்டபடி, இயல்பான நடையில் அச்சுமை உடல் எடையைப்போல் ஏறத்தாழ 2.4 மடங்கு. எம் எடை 65 கிலோ என்றால், அடிதோறும் அம்மூட்டு தாங்குவது ஏறத்தாழ 155 கிலோ. எதிர்க்கையில் ஊன்றிய தடி அத்தசையின் வேலையைக் குறைக்கிறது, சுமையும் குறைகிறது. வால்டர் பிளவுண்ட் என்னும் மருத்துவர் தடியை எறிந்துவிடாதீர்கள் என்ற பொருளில் தலைப்பிட்டே 1956-இல் ஒரு கட்டுரை எழுதினார். இவையெல்லாம் இப்பொழுது தெரிகின்றன. அன்று தடியைத் துறை அலமாரியின் பின்னால் வைத்துவிட்டு ஜும்ஆவுக்குச் சென்றோம்.

ஒளுச் செய்யும் தொட்டியருகே தரை ஈரமாக இருந்தது. இடக்கால் வழுக்கிற்று. பின்னால் நின்ற மாணவர் ஒருவர், பெயரும் அறியோம், அக்குளில் கைகொடுத்துத் தாங்கிக்கொண்டார். விழவில்லை, மூட்டு நழுவவில்லை. ஆயினும் தொடையின் பக்கவாட்டில் ஏதோ இழுத்துக்கொண்டது. அந்த மாணவரிடம் யாம் முதலில் கூறியது நன்றியன்று. "யாரிடமும் சொல்லாதே தம்பி" என்பதே. அவர் சொல்லவில்லை. யாமும் துணைவியாரிடம் சொல்லவில்லை. இரு வாரம் மழைக்காய்ச்சல் என்று கூறிப் படுத்திருந்தோம்.

அடுத்த அளவீட்டுக்குத் துணைவியாரும் உடன் வந்தார். வினாத்தாளில் முன்போலவே எல்லாம் நலம். நாற்காலியிலிருந்து எழுந்தோம், நடந்தோம், அமர்ந்தோம். 24 நொடி. அப்பெண் மறுமுறை செய்யச் சொன்னார். மீண்டும் 24. "ஓரிரு நொடி நாளுக்கு நாள் மாறும், சார். ஆறு நொடி மாறாது. இடையில் என்ன நடந்தது?" என்றார். 'ஒன்றுமில்லை' என்றோம். இடக்காலில் மட்டும் நிற்கச் சொல்லி எம் பின்னால் நின்று பார்த்தார். இடுப்பு வலப்புறம் சரிந்தது. டிரெண்டலென்பர்க் என்னும் ஜெர்மானிய அறுவை மருத்துவர் 1895-இல் எழுதிவைத்த குறி அது. பக்கத் தசை தளர்ந்திருப்பதைக் காட்டுவது. "போன முறை இது இல்லை. கீழே விழுந்தீர்களா?" என்று அவர் கேட்டபொழுது, யாம் துணைவியாரின் முகத்தைப் பார்த்தோம். அவர் எம்மைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த தம் கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிவாசலில் நடந்ததை அங்கேதான், இருவர் முன்னிலையிலும், கூற வேண்டியதாயிற்று. வீடு திரும்பும் வரை துணைவியார் ஒரு சொல்லும் பேசவில்லை. மறுநாள் காலை அலமாரியின் பின்னாலிருந்து தடியை எடுத்துவர எம் மகனைக் கல்லூரிக்கு அனுப்பினார்.

அதன்பின் கணக்கில் யாம் பொய் கலக்கவில்லை. பயிற்சிகளையும் ஒழுங்காகச் செய்தோம். ஆயினும் எமக்கொரு குறை இருந்தது. அறுவைக்கு முன் எம் நடையை ஒருவரும் அளக்கவில்லை. ஊடுகதிர்ப் படம் எடுத்தனர், குருதி எடுத்தனர், இதயம் பார்த்தனர். எழுந்து நடக்கச் சொல்லி ஒரு நிமிடம் கடிகாரம் பார்த்திருக்கலாம். முன்னளவு இல்லாத நிலையில் பின்னளவு எதனோடு ஒப்பிடப்படும்? இதனை ஒருநாள் துறையில் புலம்பிக்கொண்டிருந்தபொழுது, மணியடிக்கும் பாய் தேநீர்க் குவளைகளை எடுக்க வந்தவர் நின்று கேட்டார்.

"நான் பார்த்திருக்கிறேன், சார்" என்றார் அவர். "மணியடித்துவிட்டுக் கட்டையை ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பினால், முன்பெல்லாம் நீங்கள் மாடித் திருப்பத்தில் இருப்பீர்கள். வகுப்பைக் கீழே மாற்றுவதற்கு முந்தைய வருடம், நான் பானைக்குத் தண்ணீர் ஊற்றி வாளியைக் கவிழ்த்த பிறகும் நான்காம் படியில் நிற்பீர்கள்."

அம்மாடிக்கு 24 படிகள். திருப்பம் பன்னிரண்டாம் படியில். ஓராண்டு முழுவதும் ஒருவர் எம்மை இவ்வாறு அளந்திருந்தார். இரங்கி ஒரு சொல்லும் சொன்னதில்லை. இச்செய்தியை இயன்முறை மருத்துவரிடம் கூறினோம். அவர் சிரிக்கவில்லை, அட்டையின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். மூட்டுத் தேய்வுக்குரிய செயல்திறன் சோதனைகளாக 2013-இல் பன்னாட்டு அறிஞர் குழு பரிந்துரைத்த ஐந்தில் படியேறுதலும் ஒன்று என்றார். நாற்காலியிலிருந்து முப்பது நொடியில் எத்தனை முறை எழுகிறோம் என்பது, 40 மீட்டர் விரைநடை, எம்மைக் காட்டிக்கொடுத்த சோதனை, ஆறு நிமிட நடை ஆகியவை ஏனைய நான்கு.

ஆறு நிமிட நடை எமக்கு மிகவும் பிடித்தது. முப்பது மீட்டர் நீளமுள்ள தாழ்வாரத்தில் போய்ப் போய் வர வேண்டும். களைத்தால் நிற்கலாம், கடிகாரம் நிற்காது. அளப்பவர் உடன் நடக்கக் கூடாது. நடந்தால் அவர் வேகம் நம் வேகமாகிவிடும். நிமிடத்திற்கு ஒருமுறை, முன்னரே வரையறுத்த சொற்களை, ஒரே குரலில் கூற வேண்டும். ஒருவரை மிகுதியாக ஊக்கி மற்றவரை விட்டுவிடலாகாது. 2002-இல் அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் இவற்றை விதியாக எழுதியிருக்கிறது. ஆசிரியர்கள் பயில வேண்டிய விதி இது. மூன்றாம் மாதம் 290 மீட்டர் நடந்தோம். துணைவியார் தாழ்வாரத்தின் மறுகோடியில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். விதி தெரிந்தோ தெரியாமலோ, அவரும் எழுந்து உடன் வரவில்லை.

தரையில் அமர்வதற்கு மதிப்பெண் இல்லையே என்ற எம் பழைய வழக்கை அதன்பின் ஒருநாள் எடுத்துவைத்தோம். அதற்கும் வழியிருந்தது. கனடா நாட்டினர் 1995-இல் வகுத்த முறையொன்றில் வினாக்களே கிடையா. தமக்கு இன்றியமையாத செயல்கள் சிலவற்றை நோயாளியே சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சுழி முதல் பத்து வரை தாமே மதிப்பெண் இட வேண்டும். பிறகு ஒவ்வொரு முறையும் அதே செயல்களுக்கு மட்டுமே மதிப்பீடு. யாம் மூன்றைச் சொன்னோம்: மாடி வகுப்புக்கு ஏறுதல், இருளோடு எழுந்து சுபுஹுத் தொழுகைக்கு வீட்டிலிருந்து பள்ளிவாசலுக்குத் தனியே நடத்தல், தரையில் அமர்ந்து எழுதல். அன்று இட்ட மதிப்பெண்கள் 3, 2, 0.

2019 ஜூனில், ஓராண்டு கழிந்து, நாற்காலிச் சோதனை 10 நொடி ஆயிற்று. ஆறு நிமிட நடை 410 மீட்டர். அதற்குமேல் மூச்சு இடம் தரவில்லை, சி என்னும் எழுத்து ஏன் என்பது அங்கே தெரிந்தது. கல்லூரி திறந்த முதல் நாளன்று எம் வேண்டுகோளின்படி முதல் வகுப்பை மாடியில் போட்டிருந்தனர். மணி அடித்தது. பாய் வாளியைக் கவிழ்க்கும் ஓசை கேட்டபொழுது யாம் பதினாறாம் படியில் இருந்தோம்.

அட்டை இன்றும் எம்மிடம் உள்ளது. முதல் செயலுக்கு 8, இரண்டாவதற்கு 9. மூன்றாவதற்கு எதிரே 2 என்று எழுதியதோடு நின்றுவிட்டது. மூட்டு நழுவும் அச்சத்தால் அதற்குமேல் முயல வேண்டாம் என்று அறுவை மருத்துவர் தடுத்துவிட்டார். பள்ளிவாசலில் கடைசி வரிசையின் ஓரத்தில் நாற்காலியிட்டுத் தொழுகிறோம். சென்ற ரமலானில், கூட்டம் சேர்வதற்கு முன், அந்நாற்காலியின் உயரத்தை அளந்து பார்த்தோம். 46 செ.மீ. இருந்தது.